பதிவேட்டில் எழுதப்பட்ட இனம்: அமெரிக்கக் கலப்புமணத் தடைச் சட்டங்களும் அவற்றின் எச்சங்களும்

முன்னுரை

2000ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்று மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான திருமணத்தை ஏற்கும் சட்டம் எதனையும் மாநிலச் சட்டமன்றம் இயற்றலாகாது என 1901ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தனது 102ஆம் பிரிவில் விதித்திருந்தது. அப்பிரிவை நீக்குவதே திருத்தத்தின் நோக்கம். நாட்டின் உச்ச நீதிமன்றம் 1967ஆம் ஆண்டிலேயே இத்தகைய தடைகள் யாவும் செல்லா எனத் தீர்ப்பளித்துவிட்டமையால், அப்பிரிவு 33 ஆண்டுகளாக எவரையும் கட்டுப்படுத்தாத வெற்றெழுத்தாகவே இருந்தது. திருத்தம் நிறைவேறியது. ஆயினும், வாக்களித்தோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் அவ்வெழுத்தை நீக்க வேண்டா என்றே வாக்களித்தனர்.

யாரையும் தடுக்க இயலாத ஒரு விதியைக் காப்பதற்காக இத்துணை பேர் ஏன் வாக்களித்தனர்? இக்கட்டுரை இவ்வினாவிலிருந்தே தொடங்குகின்றது. இனவெறுப்பு முதலில் தோன்றியது, அவ்வெறுப்பே பின்னர்ச் சட்டமாயிற்று என்பது பொதுவான கருத்து. இக்கருத்தில் உண்மை உண்டு. ஆனால் அது பாதியே. சட்டம், இருந்த வெறுப்பை எழுதிவைத்ததோடு நின்றுவிடவில்லை. யார் எவ்வினத்தவர் என வரையறுத்து, அவ்வரையறையைத் திருமண உரிமத்திலும் பிறப்புச் சான்றிதழிலும் சொத்து வழக்கிலும் தலைமுறை தலைமுறையாகப் பதிந்துவந்தது. தடை நீங்கிய பின்னரும் அப்பதிவுகள் எஞ்சின. பதியும் பழக்கமும் எஞ்சியது. இதனையே நாம் ஈண்டு நிறுவ முற்படுகின்றோம்.

சொல்லாட்சி குறித்து ஒரு விளக்கம் தேவை. தமிழில் 'கலப்புமணம்' என்னும் சொல் சாதி கடந்த திருமணத்தையும் சமயம் கடந்த திருமணத்தையும் குறிக்க வழங்குகின்றது. இக்கட்டுரையில் அச்சொல், அமெரிக்கச் சட்டங்கள் வெவ்வேறு இனத்தவர் எனக் கருதிய இருவரின் திருமணத்தை மட்டுமே குறிக்கும். 'எனக் கருதிய' என நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு என்பது பின்னர் விளங்கும்.

குடியேற்றக் காலச் சட்டங்கள்

வடஅமெரிக்க ஆங்கிலக் குடியேற்றங்களில் 17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை அடிமை நிலை குறித்த சட்டங்கள் முழுமை பெறவில்லை. ஆங்கிலேயத் தந்தைக்கும் ஆப்பிரிக்கத் தாய்க்கும் வர்ஜீனியாவில் பிறந்த எலிசபெத் கீ என்னும் பெண், தம்மை அடிமையாக வைத்திருந்தமைக்கு எதிராக வழக்காடி 1656ஆம் ஆண்டில் விடுதலை பெற்றார். தந்தையின் நிலையே பிள்ளையின் நிலை என்னும் ஆங்கிலப் பொதுச்சட்ட மரபு அவர் முன்வைத்த வாதங்களுள் ஒன்று. அவருக்கு வழக்கில் துணைநின்ற வில்லியம் கிரின்ஸ்டெட் என்னும் ஆங்கிலேயரையே அவர் பின்னர் மணந்துகொண்டார்.

இவ்வழக்கு முடிந்து ஆறு ஆண்டுகளில், 1662இல், வர்ஜீனியச் சட்டமன்றம் அம்மரபைத் தலைகீழாக மாற்றியது. பிள்ளையின் நிலை தாயின் நிலையையே பின்பற்றும் எனப் புதுச்சட்டம் கூறிற்று. அடிமைப் பெண்ணிடம் உடைமையாளர் பெற்ற பிள்ளை இதனால் அவருடைய உடைமையே ஆயிற்று. அண்டைக் குடியேற்றமாகிய மேரிலாந்து 1664ஆம் ஆண்டில் வேறொரு வழியைக் கண்டது. அடிமையை மணக்கும் சுதந்திர ஆங்கிலப் பெண், கணவன் உயிரோடிருக்கும் காலம்வரை அவனுடைய ஆண்டைக்கு ஊழியம் செய்ய வேண்டும். அவர்களின் பிள்ளைகள் தந்தையைப் போன்றே அடிமைகளாவர். ஓரிடத்தில் தாய்வழி, மற்றோரிடத்தில் தந்தைவழி. விதிகள் முரண்பட்டாலும் பயன் ஒன்றே: பிறக்கும் பிள்ளை ஆண்டையின் கணக்கில் சேர்ந்தது.

மேரிலாந்துச் சட்டத்தின் நீண்ட நிழலுக்கு எலனோர் பட்லரின் குடும்ப வரலாறு சான்றாகும். அயர்லாந்திலிருந்து வந்த பணிப்பெண்ணான அவர், 1681ஆம் ஆண்டில் சார்லஸ் என்னும் ஆப்பிரிக்க அடிமையை மணந்தார். அவ்வாண்டிலேயே பழைய சட்டம் மாற்றப்பட்டது எனினும், அவருடைய வழித்தோன்றல்கள் அடிமைகளாகவே வைக்கப்பட்டனர். அவர்களுள் வில்லியம், மேரி என்னும் இருவர் தொடுத்த விடுதலை வழக்கு மேல்முறையீட்டில் தோற்றது. அவ்விருவரின் மகளான மற்றொரு மேரி பட்லர் 1787ஆம் ஆண்டில் வென்றார். ஒரு திருமணத்துக்கு விதிக்கப்பட்ட தண்டனை நூறாண்டுகளுக்குப் பின்னும் பேரப்பிள்ளைகளைத் தொடர்ந்தது.

வர்ஜீனியா 1691ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தில் 'வெள்ளையர்' என்னும் சொல் முதன்மை பெற்றது. அதற்கு முன்னைய சட்டங்களில் 'ஆங்கிலேயர்', 'கிறித்தவர்' ஆகிய சொற்களே மிகுதியாக ஆளப்பட்டன. கறுப்பரையோ, கலப்பினத்தவரைக் குறிக்க அந்நாளில் வழங்கிய 'முலாட்டோ' எனப்படுவோரையோ, அமெரிக்கப் பழங்குடியினரையோ மணக்கும் வெள்ளையர் மூன்று மாதங்களுக்குள் நாடுகடத்தப்படுவர் என அச்சட்டம் விதித்தது. 1705ஆம் ஆண்டில் இத்தண்டனை ஆறு மாதச் சிறையாகவும் பத்துப் பவுன் தண்டமாகவும் மாற்றப்பட்டது. திருமணத்தை நடத்திவைக்கும் பாதிரியாருக்கு 10,000 இறாத்தல் புகையிலை தண்டம். அதிற்பாதி துப்புக் கொடுத்தவருக்குச் சேரும். கலப்புமணங்கள் நடைபெறவே செய்தன என்பதை இத்தண்டனைகளே காட்டுகின்றன. மக்கள் செய்யாத ஒன்றுக்கு எந்தச் சட்டமன்றமும் இத்துணை நுட்பமாகத் தண்டம் வகுப்பதில்லை.

அடிமை ஒழிப்புக்குப் பின்

பென்சில்வேனியா 1780ஆம் ஆண்டிலும் மாசசூசெட்ஸ் 1843ஆம் ஆண்டிலும் தத்தம் தடைகளை நீக்கின. ஆனால் 1865இல் நாடு முழுவதும் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது இத்தடைகள் தளரவில்லை. பல மாநிலங்களில் மேலும் கடுமையாயின. ஆண்டை, அடிமை என்னும் வேறுபாடு சட்டத்திலிருந்து மறைந்தபின், அவ்விடத்தை நிரப்பும் எல்லைக்கோடாகத் திருமணம் அமைந்தது. இன்றுள்ள 50 மாநிலங்களுள் 41 மாநிலங்களின் நிலப்பகுதியில் ஏதேனும் ஒரு காலத்தில் இத்தகைய சட்டம் இருந்துள்ளது. ஆகவே இதனைத் தென்மாநிலங்களுக்கு மட்டுமே உரிய வழக்கமாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இச்சட்டங்களைச் சுட்ட அமெரிக்கர் ஆண்ட 'மிஸ்ஸெஜனேஷன்' என்னும் சொல்லின் பிறப்பும் நோக்கத்தக்கது. 1863ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க்கில் வெளியான பெயரிலாத் துண்டுநூல் ஒன்றில் அது முதன்முதலாக இடம்பெற்றது. இனக்கலப்பே நாட்டுக்கு நன்மை என அந்நூல் வாதிட்டது. லிங்கனின் ஆதரவாளர்கள் எழுதியதைப் போலத் தோன்றிய அதனை உண்மையில் எழுதியோர், அவருக்கு எதிரான கட்சியைச் சார்ந்த டேவிட் குட்மன் குரோலி, ஜார்ஜ் வேக்மன் என்னும் இதழாளர்கள். 1864ஆம் ஆண்டுத் தேர்தலில் லிங்கன்மீது அச்சத்தை விளைவிக்கவே அது எழுதப்பட்டது. சூழ்ச்சி பின்னர் வெளிப்பட்டது. எனினும் அச்சொல் சட்டநூல்களில் நூறாண்டுகள் நிலைத்தது. லத்தீன் வேர்களால் ஆக்கப்பட்டமையால், அரசியல் ஏளனமாகப் பிறந்த சொல் அறிவியற் சொல்லின் தோற்றத்தைப் பெற்றுவிட்டது.

நீதிமன்றங்களின் போக்கை அலபாமா நன்கு உணர்த்துகின்றது. அம்மாநில உச்ச நீதிமன்றம் 1872ஆம் ஆண்டில் கலப்புமணத் தடை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. திருமணம் ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் செய்யும் உரிமை கறுப்பருக்கும் வழங்கப்பட்டுவிட்டது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. ஐந்தே ஆண்டுகளில், 1877இல், அதே நீதிமன்றம் அத்தீர்ப்பைக் கைவிட்டது. பின்னர் டோனி பேஸ் என்னும் கறுப்பரும் மேரி காக்ஸ் என்னும் வெள்ளைப் பெண்ணும் சேர்ந்து வாழ்ந்தமைக்காக ஈராண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். ஒரே இனத்தவரிடையே அக்குற்றத்துக்கு உரிய தண்டனை மிகக் குறைவு. நாட்டின் உச்ச நீதிமன்றம் 1883ஆம் ஆண்டில் அவ்வழக்கில் தண்டனையை உறுதிசெய்தது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒரே தண்டனை விதிக்கப்படுவதால் சமன்மை மீறப்படவில்லை என்பது அதன் வாதம். சமன்மை என்னும் சொல்லைக் கொண்டே சமனின்மை காக்கப்பட்டது. இவ்வாதம் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது.

இச்சட்டங்களால் சிறை சென்றோரைவிடச் சொத்திழந்தோர் வாழ்வை நோக்கினால் அவற்றின் இயக்கம் மேலும் தெளிவாகும். தடைசெய்யப்பட்ட திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்பதால், கணவர் இறந்தபின் மனைவி எவ்வுரிமையும் அற்றவரானார். ஆலன் மங்க்ஸ் என்பவரின் சொத்து குறித்துக் கலிபோர்னியாவில் நடந்து, 1941இல் மேல்முறையீட்டில் முடிவுற்ற வழக்கில், அரிசோனாவில் நிகழ்ந்த அவருடைய திருமணம் செல்லுமா என்பது வினாவாயிற்று. அவருடைய மனைவி எட்டில் ஒரு பங்கு கறுப்பரா என்பதை ஆராயச் சிகையலங்காரப் பெண் ஒருவரும் மருத்துவரும் சாட்சியம் அளித்தனர். நகக்கண், தலைமுடி, குதிகால் ஆகியவற்றைக் குறித்து நீதிமன்றம் செவிமடுத்தது. முடிவில் திருமணம் செல்லாது எனவும், முன்னர் எழுதப்பட்ட வேறொரு விருப்பமுறியின்படி சொத்து வேறொருவருக்கே உரியது எனவும் தீர்ப்பாயிற்று. அன்றைய அரிசோனாச் சட்டத்தின்படி, வெள்ளையர் குருதி கலந்த ஒருவர் வெள்ளையரையும் மணக்க இயலாது, வெள்ளையர் அல்லாதாரையும் மணக்க இயலாது. ஓர் ஆளை எவரும் மணக்கலாகாதவராக்கும் அளவுக்கு வகைப்பாடு சென்றிருந்தது.

மேற்குக் கரையில் மலாயரும் இந்தியரும்

தென்கிழக்காசியாவில் வாழும் நமக்குக் கலிபோர்னியாவின் சட்ட வரலாறு தனிக்கவனத்துக்குரியது. 1850இல் அங்கு இயற்றப்பட்ட தடை கறுப்பரையும் கலப்பினத்தவரையும் மட்டுமே குறித்தது. சீனர் குடியேற்றத்துக்கு எதிர்ப்பு வலுத்தபின், 1880ஆம் ஆண்டில் 'மங்கோலியருக்கும்' வெள்ளையருக்கும் திருமண உரிமம் வழங்கலாகாது என விதிக்கப்பட்டது. 1905இல் அத்தகைய திருமணங்களே செல்லாதனவாக்கப்பட்டன.

1920களில் பிலிப்பீன்ஸிலிருந்து இளைஞர் பலர் பண்ணை வேலைக்கு வந்தபோது, அவர்கள் மங்கோலியரா என்னும் வினா எழுந்தது. சால்வடோர் ரோல்டான் என்னும் பிலிப்பினோ, வெள்ளைப் பெண் ஒருவரை மணக்க உரிமம் கோரித் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1933ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஜெர்மானிய அறிஞர் புளூமென்பாக் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனிதரை ஐந்து வகையினராகப் பகுத்தார்: காக்கேசியர், மங்கோலியர், எத்தியோப்பியர், அமெரிக்கர், மலாயர். அப்பகுப்பின்படி பிலிப்பினோக்கள் மலாயர்; சட்டத்தில் மலாயர் குறிக்கப்படவில்லை; எனவே திருமணத்துக்குத் தடையில்லை என்று நீதிமன்றம் கொண்டது. சட்டமன்றம் அவ்வாண்டே 'மலாய் இனத்தவர்' என்னும் சொல்லைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. நம் வட்டாரத்தில் மொழியோடும் பண்பாட்டோடும் வாழ்ந்த மக்களின் பெயர், பசிபிக் கடலுக்கு அப்பால் ஒரு திருமணத் தடையின் சொல்லாயிற்று.

இந்தியரின் நிலை இதனினும் குழப்பமானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து சென்ற உழவர்கள், பெரும்பான்மையோர் சீக்கியர், கலிபோர்னியாவின் பள்ளத்தாக்குகளில் நிலம் உழுதனர். அரசாவணங்களில் அவர்கள் அனைவரும் 'இந்துக்கள்' என்றே எழுதப்பட்டனர். அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் குடியுரிமை கோரிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 1923ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அறிஞர்கள் இந்தியரைக் காக்கேசியர் எனலாம். சாதாரண மனிதரின் வழக்கில் அவர் வெள்ளையர் அல்லர் என்பது தீர்ப்பு. இதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான், ஜப்பானியரான ஒசாவா காக்கேசியர் அல்லர். ஆகவே வெள்ளையரும் அல்லர் என அதே நீதிமன்றம் கூறியிருந்தது. ஒருவரை விலக்க அறிவியலும் மற்றொருவரை விலக்க வழக்காறும் பயன்பட்டன.

பஞ்சாபிலிருந்து பெண்களை அழைத்துவர வழியின்றி, அவ்வுழவர்களுள் பலர் மெக்சிக்க மரபுப் பெண்களை மணந்தனர். கேரன் லியோனார்ட் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இக்குடும்பங்களின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளது. மெக்சிக்கர் சட்டத்தின் பார்வையில் வெள்ளையர். இந்தியரின் இடம் தெளிவற்றது. எனவே உரிமம் கிடைப்பது மாவட்ட அலுவலகத்தில் அமர்ந்திருந்த எழுத்தரின் கண்ணைப் பொறுத்தது. இருவருடைய நிறமும் ஒத்துள்ளது என அவர் கருதினால் உரிமம் வழங்கினார். கருதாவிடில் அவர்கள் வேறு மாவட்டமோ வேறு மாநிலமோ சென்று மணந்தனர். மேலும், குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலவரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள் என்னும் 1922ஆம் ஆண்டு விதி 1931வரை நடைமுறையில் இருந்தது. வெளிப்படையான தடை இல்லாத இடத்திலும் இனவகைப்பாடு திருமணத்தைத் தண்டித்தது என்பதற்கு இவ்வரலாறு சான்று.

வர்ஜீனியா, 1924

வகைப்படுத்தும் முயற்சி தன் உச்சத்தை எட்டியது வர்ஜீனியாவில்தான். அம்மாநிலத்தின் வரையறைகளை வரிசைப்படுத்தி நோக்குவோம். 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கறுப்பர் குருதி உடையவர் கலப்பினத்தவர். 1910இல் அவ்வளவு பதினாறில் ஒரு பங்காயிற்று. 1924ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறைவேறிய இனத்தூய்மைச் சட்டம், பிற குருதியின் சாயல் சிறிதும் இல்லாதவரே வெள்ளையர் என்றது. 1909இல் வெள்ளையராக இருந்த ஒருவர் 1910இல் வேறு இனத்தவரானார். அவர் உடலிலோ குடும்பத்திலோ எம்மாற்றமும் நிகழவில்லை.

இக்கண்டிப்பான விதியிலும் ஒரு விலக்கு உண்டு. பதினாறில் ஒரு பங்கோ அதற்குக் குறைவாகவோ அமெரிக்கப் பழங்குடிக் குருதி உடையோர் வெள்ளையராகவே கொள்ளப்பட்டனர். வர்ஜீனியாவின் மேட்டுக்குடியினர் பலர் 17ஆம் நூற்றாண்டுப் பழங்குடிப் பெண்ணாகிய போகஹாண்டஸின் வழித்தோன்றல்கள் எனப் பெருமை பாராட்டி வந்தனர். அவர்களைக் காப்பதற்கே இவ்விலக்கு அமைந்தது.

சட்டத்தைச் செயற்படுத்தியவர் மாநிலப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் முதற் பதிவாளர் வால்டர் ஆஷ்பி பிளெக்கர். மருத்துவரான அவர் 1912 முதல் 1946 வரை அப்பதவியில் இருந்தார். வர்ஜீனியாவில் கலப்பற்ற பழங்குடியினர் எவரும் எஞ்சவில்லை. அவ்வாறு கூறிக்கொள்வோர் வெள்ளையராக மாற முயலும் கறுப்பரே என்பது அவருடைய நம்பிக்கை. அந்நம்பிக்கையின்படி அவர் சான்றிதழ்களை மாற்றி எழுதினார். மருத்துவச்சிகளுக்கும் எழுத்தர்களுக்கும் எச்சரிக்கை மடல்கள் விடுத்தார். 1943ஆம் ஆண்டில் ஐயத்துக்குரிய குடும்பங்களின் பெயர்களை மாவட்ட வாரியாகப் பட்டியலிட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். ஒருவர் யாரை மணக்கலாம், பிள்ளை எப்பள்ளியில் பயிலலாம் என்பவை அவருடைய பேனாவால் முடிவாயின.

தீர்ப்புகளின் மாற்றம்

1948ஆம் ஆண்டில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அம்மாநிலத் தடையைச் செல்லாததாக்கியது. நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நீதிபதிகள் பிரிந்தனர். வழக்குத் தொடுத்த ஆண்ட்ரியா பெரெஸ் மெக்சிக்க மரபினர், சட்டப்படி வெள்ளையர். அவர் மணக்க விரும்பிய சில்வெஸ்டர் டேவிஸ் கறுப்பர். இருவரும் கத்தோலிக்கர். முதன்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ரோஜர் டிரேய்னர், திருமண உரிமை தனிமனிதருக்கு உரியது, இனக்குழுவுக்கு உரியதன்று என்றார். இனவகைப்பாடுகளின் தெளிவின்மையையும் எடுத்துக்காட்டினார். எனினும், 1955ஆம் ஆண்டில் சீனக் கடலோடி ஒருவருக்கும் வெள்ளைப் பெண்ணுக்கும் நிகழ்ந்த திருமணம் குறித்த வர்ஜீனிய வழக்கை ஆராய நாட்டின் உச்ச நீதிமன்றம் முன்வரவில்லை. பள்ளிகளில் இனப்பிரிவினையை நீக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு எழுப்பிய கொந்தளிப்பு அப்போது அடங்கியிருக்கவில்லை.

ரிச்சர்ட் லவ்விங்கும் மில்ட்ரெட் ஜெட்டரும் 1958ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் வாஷிங்டன் நகரில் மணந்து, வர்ஜீனியாவிலுள்ள தங்கள் ஊருக்குத் திரும்பினர். அடுத்த மாதம் நள்ளிரவுக்குப் பின் காவலர்கள் அவர்தம் படுக்கையறைக்குள் நுழைந்து கைது செய்தனர். மில்ட்ரெட் ஆப்பிரிக்க, பழங்குடி மரபுகள் இரண்டையும் உடையவர். வாஷிங்டன் உரிமத்தில் பழங்குடியினர் எனக் குறிக்கப்பட்ட அவரை, வர்ஜீனிய நீதிமன்றம் கறுப்பர் எனக் குறித்தது. 1959ஆம் ஆண்டு ஜனவரியில் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 25 ஆண்டுகள் இருவரும் ஒருசேர மாநிலத்துக்குள் வராதிருந்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என நீதிபதி லியோன் பசீல் ஆணையிட்டார். 1965இல் அவர் எழுதிய விளக்கத்தில், இறைவன் வெள்ளை, கறுப்பு, மஞ்சள், மலாய், சிவப்பு என இனங்களைப் படைத்து வெவ்வேறு கண்டங்களில் வைத்தான். ஆகவே கலப்பு அவனுடைய நோக்கமன்று என்றார். புளூமென்பாக்கின் ஐந்து வகைகள் ஈண்டு இறைவனின் ஆணையாக உருமாறியிருப்பதைக் காண்கின்றோம்.

மில்ட்ரெட் 1963இல் அரசுத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடிக்கு எழுதிய மடலே வழக்கின் தொடக்கம். 1967ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக வர்ஜீனியச் சட்டத்தைச் செல்லாததாக்கினர். வெள்ளையர் தொடர்புடைய கலப்புமணங்களை மட்டுமே அச்சட்டம் தடுத்தது. ஆகவே வெள்ளையர் மேலாண்மையைக் காப்பதே அதன் நோக்கம் எனத் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் சுட்டினார். அன்று 16 மாநிலங்களில் எஞ்சியிருந்த தடைகள் வலுவிழந்தன.

தடை நீங்கியபின் எஞ்சியவை

கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளின்படி, கறுப்பர் வெள்ளையர் திருமணத்தை ஏற்போர் 1958ஆம் ஆண்டில் 4 விழுக்காட்டினர். தீர்ப்புக்கு அடுத்த ஆண்டாகிய 1968இல் 20 விழுக்காட்டினர். ஏற்போர் மறுப்போரை முதன்முதலாக விஞ்சியது 1991ஆம் ஆண்டில்தான். 2021இல் ஏற்போர் 94 விழுக்காட்டை எட்டினர். இதனின்று இரண்டு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, நீதிமன்றம் மக்கள் மனமாற்றத்துக்காகக் காத்திருந்தால் மேலும் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். இரண்டாவது, சட்டத்தின் துணை நீங்கியபின் வெறுப்புத் தானே நிலைக்கவில்லை. மெல்ல மெல்லவே ஆயினும் அது தேய்ந்தது. கலப்புமணத்தை இயற்கைக்கு மாறானது எனக் கருதியோர் அவ்வெண்ணத்துக்குச் சட்டத்தையே சான்றாகக் கொண்டிருந்தனர் எனக் கொள்ள இது இடமளிக்கின்றது. குடியுரிமை இயக்கம், கல்விப் பரவல், தலைமுறை மாற்றம் ஆகியவற்றின் பங்கையும் நாம் மறுப்பதற்கில்லை.

எனினும் விழுக்காடுகள் கூறாதவையும் உள. தென் கரோலைனாவில் 1998ஆம் ஆண்டு நடந்த இதுபோன்ற வாக்கெடுப்பில், பழைய விதியை நீக்க வேண்டா என ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 2009ஆம் ஆண்டில் லூசியானாவில் அமைதி நீதிபதி ஒருவர், பிறக்கும் பிள்ளைகள் துன்புறுவர் எனக் காரணம் கூறிக் கறுப்பர் வெள்ளையர் இணை ஒன்றுக்கு மணம் செய்துவைக்க மறுத்துப் பின்னர்ப் பதவி விலகினார். பிள்ளைகளின் நலன் என்னும் இவ்வாதம் வர்ஜீனிய அரசு 1967இல் உச்ச நீதிமன்றத்தில் முன்வைத்த வாதமே.

பதிவேடுகளின் எச்சம் இன்னும் ஆழமானது. வர்ஜீனியாவின் பழங்குடியினர் நடுவணரசின் ஏற்பைப் பெறத் தங்கள் தொடர்ச்சியை ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பிளெக்கர் அவ்வாவணங்களையே மாற்றி எழுதியிருந்தார். ரப்பஹானக் உள்ளிட்ட ஆறு குலத்தினர் 2018ஆம் ஆண்டு ஜனவரியில் தனிச்சட்டத்தின் வழியாகவே அவ்வேற்பைப் பெற்றனர். அவர் பதவி விலகி 72 ஆண்டுகள் கடந்திருந்தன.

2019ஆம் ஆண்டுவரை வர்ஜீனியாவில் திருமண உரிமம் பெற விழைவோர் தம் இனத்தைக் குறிப்பிட வேண்டும் என்னும் விதி நீடித்தது. ஒரு மாவட்ட அலுவலகம் வழங்கிய பட்டியலில் 200க்கும் மேற்பட்ட இனப்பெயர்கள் இருந்தன. 'ஆரியர்', 'முலாட்டோ' ஆகியனவும் அவற்றுள் அடங்கும். குறிப்பிட மறுத்த மூன்று இணையர் தொடுத்த வழக்கில், அவ்வாண்டு அக்டோபரில் கூட்டரசு நீதிபதி அவ்விதி அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தார். கலப்புமணத் தடை நீங்கி 52 ஆண்டுகள் ஆகியும் அத்தடைக்குத் துணைநின்ற வினா படிவத்தில் வாழ்ந்திருந்தது. அதனை நிரப்பிய எழுத்தர்களுள் பலர் இனவெறுப்பு உடையவராய் இருந்திருக்க வேண்டியதில்லை. படிவம் கேட்டது, அவர்கள் எழுதினர். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய கூட்டரசுச் சட்டம், இனத்தைக் காட்டி ஒரு திருமணத்தை மறுக்கலாகாது என மீண்டும் உறுதிசெய்தது.

முடிவுரை

கலப்புமணத் தடைச் சட்டங்கள் மூன்று நூற்றாண்டுகள் நீடித்தும் கலப்பைத் தடுக்கவில்லை. அவை செய்து முடித்த பணி வேறு. மனிதரை வகைகளாகப் பிரிப்பதும், ஒவ்வொருவரையும் ஒரு வகைக்குள் எழுதுவதும், எழுதியதையே இயற்கை எனக் காட்டுவதும் ஆகிய பணி அது. திருமணச் சட்டமே இனம் என்னும் கருத்தை உருவாக்கிய களம் என்பதை வரலாற்றறிஞர் பெகி பாஸ்கோ 2009ஆம் ஆண்டு நூலில் விரிவாக நிறுவியுள்ளார். நாம் மேலே கண்ட சான்றுகள் அக்கருத்துக்கு அரண் சேர்ப்பதோடு, தடை நீங்கியபின் எஞ்சிய பதிவுகளின் ஆற்றலையும் உணர்த்துகின்றன. அலபாமாவில் 2000ஆம் ஆண்டு வாக்களித்த 40 விழுக்காட்டினரை அறியாமையில் மூழ்கியோர் என ஒதுக்குவது எளிது. தம் பெற்றோரின் சான்றிதழிலும் தம் சான்றிதழிலும் எழுதப்பட்டிருந்ததை உண்மையென நம்பி வளர்ந்தோர் அவர்களுள் பலர் என்பதையும் நாம் நினைத்தல் வேண்டும்.

இந்தியவியல் பயில்வோருக்கும் பயிற்றுவோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பஞ்சாபிச் சீக்கியரை 'இந்து' என எழுதிய கலிபோர்னியப் பதிவேட்டை நாம் ஐயத்தோடு வாசிக்கின்றோம். நம் முன்னோரைக் குறித்து நாம் பயன்படுத்தும் பிரிட்டிஷ் மலாயாவின் குடிக்கணக்கு ஏடுகளையும் கப்பல் பட்டியல்களையும் தோட்டப் பதிவுகளையும் அதே கவனத்தோடு வாசிக்க வேண்டும். ஓர் ஏட்டில் இனம் என்னும் கட்டத்தில் ஒரு சொல்லைக் காணும்போது, அதனை எழுதியவர் யார், எவ்வதிகாரத்தால் எழுதினார், எழுதப்பட்டவர் தம்மை எவ்வாறு அழைத்துக்கொண்டிருப்பார் என மாணவரை வினவச் செய்தல் ஆசிரியர் கடன்.